ஒன்பதா, ஐம்பதா?
விமான வானொலியில் எண்கள் பேசப்படும் விதம்

(பொன்னமராவதியில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



விமான நிலையங்களில் வானொலிக் கருவிகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் என்பதால், "உன் வேலையைப் பற்றியே பேசு, பையன்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். கருவிகளைப் பற்றிப் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் சந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கோடைக்காலம். எலுமிச்சம்பழம் விலை ஏறிக் கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் ஆத்தாவிடம் விலை கேட்கிறீர்கள். "ஒம்பது ரூவா" என்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது. உங்கள் காதில் "அம்பது" என்று விழுகிறது. "ஒரு பழம் அம்பதா?" என்று நீங்கள் பதறுகிறீர்கள். "ஒம்பதுன்னுதானப்பா சொன்னேன்" என்று அவர் சிரிக்கிறார். விஷயம் முடிந்தது. நீங்கள் திருப்பிக் கேட்டதால்தான் முடிந்தது.

நான் இன்று சொல்லப்போவது முழுக்க இந்தச் சங்கதிதான். இடம் மட்டும் சந்தை இல்லை, வானம்.

2024 அக்டோபர் 11 மாலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். இரவு எட்டே கால் மணி வாக்கில் பத்திரமாக இறங்கியது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஊர் இது. அன்றைக்கு எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லையோ! அந்த மாதிரி நேரத்தில் மேலே இருப்பவரையும் கீழே இருப்பவரையும் சேர்த்து வைப்பது ஒரு வானொலிக் குரல். அந்தக் குரலுக்கு ஓர் எண் உண்டு. எண் தப்பினால் குரல் தப்பும்.

நம் தலைமுறை திருச்சி வானொலியை 936 கிலோ ஹெர்ட்ஸில் கேட்டு வளர்ந்தது. இலங்கை வானொலியின் பாட்டுக்காக முள்ளைத் திருகித் திருகிப் பார்ப்போம். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், பாட்டு தெளிந்தவுடன் நிறுத்திவிடுவோம். நிலையம் நாள் பூராவும் பேசிக்கொண்டே இருந்ததால் தேடிப் பிடிக்க முடிந்தது. விமான வானொலியில் அப்படித் தேட முடியாது. பேச வேண்டியபோது நாலு வார்த்தை பேசிவிட்டு எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். மௌனத்தை முள்ளைத் திருகிப் பிடிக்க முடியுமா? ஆகவே எந்த எண்ணில் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே, துல்லியமாக, ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டாக வேண்டும்.

விமானங்கள் பேசுவதற்கென்று உலகம் முழுவதும் ஒதுக்கியிருப்பது 118 முதல் 137 மெகா ஹெர்ட்ஸ் வரை. உங்கள் எஃப்.எம். 108இல் முடிகிறது அல்லவா? அதற்கு மேல் 118 வரை விமானத்துக்கு வழிகாட்டும் கருவிகளின் இடம். அதற்கும் மேலே பேச்சு. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வரை கேட்கும். தரையில் நிற்கும்போது ஒரு குன்று குறுக்கே வந்தாலே தடைதான். அதனால்தான் சென்னையில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி பேசினாலும், அவர் குரலை அனுப்பும் ஆன்டெனா வேறோர் ஊரில் இருக்கலாம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையிலும் அதை ஒட்டியும் இருக்கும்வரை கோபுரத்தின் பொறுப்பு. மேலே ஏறியதும் வேறொருவர். அதற்குப் பிறகு சென்னை. கடலைத் தாண்டினால் மறுகரையில் இருப்பவர்கள். தாய்மாமன் கையிலிருந்து சித்தப்பா கைக்குப் பிள்ளை மாறுவதுபோல ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஒவ்வொரு ஒப்படைப்பிலும் ஓர் எண் சொல்லப்படுகிறது. ஒரே பயணத்தில் இப்படிப் பல தடவை.

சரி, அந்த எண்ணை எப்படிச் சொல்வது? 118.3 என்று வைத்துக்கொள்வோம். "ஒன் எய்ட்டீன்" என்று சேர்த்துச் சொல்லக் கூடாது. எய்ட்டீனும் எய்ட்டியும் நம் ஒம்பதும் அம்பதும் மாதிரி ஒட்டிப் பிறந்தவை. ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்து, "ஒன் ஒன் எய்ட் டெசிமல் ட்ரீ" என்றுதான் சொல்ல வேண்டும். ஆமாம், 'த்ரீ' இல்லை, 'ட்ரீ'. மரம்!

உலக நாடுகளின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1944 சிகாகோ உடன்பாட்டின் வழியே வந்தது, மாண்ட்ரியலில் இருக்கிறது. எண்களை இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று அது விதி வகுத்தது. 'த்ரீ'யின் முதல் ஒலி பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே கசியும் காற்று. வானொலி இரைச்சலில் அது கரைந்துபோகும். போதாததற்கு உலகத்தில் பாதிப் பேருக்கு அந்த ஒலி வாயில் வராது. ஆகவே கெட்டியான 'ட்ரீ'. நாலு என்பதை 'ஃபௌ-அர்' என்று இரண்டு அசையாக நீட்ட வேண்டும். ஐந்தும் ஒன்பதும் இங்கிலீஷில் ஒரே உயிரொலி: ஃபைவ், நைன். இரைச்சலில் முன்னெழுத்தும் பின்னெழுத்தும் போனால் மிஞ்சுவது 'ஐ' மட்டுமே. ஆகவே ஐந்து 'ஃபைஃப்' ஆனது, ஒன்பது வால் முளைத்து 'நைனர்' ஆனது. புள்ளிக்கு 'டே-ஸீ-மல்'. அமெரிக்காவில் மட்டும் 'பாயிண்ட்' என்பார்கள்.

இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எழுத்து எங்கே பிறக்கிறது, நாக்கு எங்கே படுகிறது என்று சொல்வதற்காகவே எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலை வைத்தவர் தொல்காப்பியர். வ.சுப. மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவபுரி கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் தொல்காப்பியம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது புள்ளிக்குப் பின்னால் வருவோம். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்துப் போர் விமானங்களில் எஸ்.சி.ஆர். 522 என்று ஒரு வானொலி. மொத்தம் நாலே நாலு அலைவரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரிஸ்டல், ஒரு பொத்தான். விமானிக்கு எண்ணே தேவையில்லை, எந்தப் பொத்தான் என்று தெரிந்தால் போதும். பிறகு விமானங்கள் பெருகின. வயலைப் பாகம் பிரிக்கிற மாதிரி அலைகளையும் பிரித்தார்கள். அலைவரிசைகளுக்கு நடுவே 200 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டது போய், 100 ஆனது, 50 ஆனது, 1970களில் 25 ஆனது. 118க்கும் 137க்கும் நடுவே 25, 25 ஆக வெட்டினால் 760 அலைவரிசை கிடைக்கும். ஐரோப்பாவில் அதுவும் போதாமல், 1999இலிருந்து உயரப் பறக்கும் விமானங்களுக்கு ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டி 8.33 ஆக்கினார்கள்.

வரப்பு குறுகக் குறுக, சொல்ல வேண்டிய இலக்கம் கூடும். இப்போதைய பொது விதி ஆறு இலக்கத்தையும் சொல்வது. 118.025 என்றால் "ஒன் ஒன் எய்ட் டெசிமல் ஸீரோ டூ ஃபைஃப்". கடைசி இரண்டும் சைபராக இருந்தால் மட்டும் அவற்றை விட்டுவிடலாம். 118.300 என்பது "டெசிமல் ட்ரீ"யோடு நிற்கும்.

8.33இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. 118.005 என்று சொன்னால் உண்மையில் அலை இருப்பது 118.000இல்தான். கடைசியில் வரும் 005, "குறுகிய வரப்பு வைத்துக் கேள்" என்று கருவிக்குச் சொல்லும் அடையாளம். நம்மூர்த் தெருவில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பார்களே, அந்தக் கதை. வீடு மாறவில்லை. ஆனால் தபால்காரர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்பது முக்கியம்.

விமானி அறையில் இந்த எண்ணை எப்படி வைக்கிறார்கள்? கருவியில் இரண்டு சிறு ஜன்னல். ஒன்றில் இப்போது பேசிக்கொண்டிருக்கும் எண். மற்றதில் காத்திருக்கும் எண். திருகும் குமிழ் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. வெளி வளையம் முழு மெகா ஹெர்ட்ஸை மாற்றும், உள் வளையம் புள்ளிக்குப் பின்னுள்ளதை மாற்றும். புது எண்ணைக் காத்திருக்கும் ஜன்னலில் வைத்து, சரிபார்த்து, ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பழைய எண் அழிந்து போகாது, பக்கத்து ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்கும். புது எண்ணில் கூப்பிட்டுப் பதில் இல்லையா? மறுபடி பொத்தானை அழுத்து. கடைசியாக உன்னோடு பேசியவரிடமே திரும்பிப் போய், "அங்கே பதில் இல்லை, எண்ணை மறுபடி சொல்லுங்கள்" என்று கேள். தெரியாத ஊரில் வழி தப்பினால் கடைசியாக வழி கேட்ட டீக்கடைக்கே திரும்புவோமே, அதுதான். இதெல்லாம் போக, 121.5 என்று ஓர் எண் உலகம் முழுவதும் அவசரத்துக்கென்றே இருக்கிறது. இரண்டாவது வானொலியைப் பல விமானங்கள் அதிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"ஐயா, எஃப்.எம். இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, விமானத்தில் ஏன் இன்னமும் பழைய ஏ.எம்.?" என்று பௌதிக மாணவர்கள் கேட்கலாம். பழக்கமும் செலவும் ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலத்த குரல் மெலிந்த குரலை அப்படியே விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி 'கீ...' என்று கூச்சல் எழும். ராத்திரி நேரத்தில் மீடியம் வேவில் இரண்டு நிலையம் மோதும்போது கேட்போமே, அதே சத்தம். வார்த்தை புரியாது. ஆனால் யாரோ ஏதோ சொன்னார்கள் என்பதாவது தெரியும்.

தெரிந்தால் மட்டும் போதாது, கேட்க வேண்டும். 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் டெனெரிஃபே. பனிமூட்டம். ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்று கிளம்ப ஓடத் தொடங்கிவிட்டது. "பொறுங்கள்" என்று கோபுரம் சொன்னதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று மற்ற விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் பெரும்பாலும் கேட்டது கூச்சல்தான். "என்ன சொன்னீர்கள்?" என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வழக்கம் வந்தது.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்துவிட்டு ஒரு பெரிய ஊர் விமான நிலையத்துக்குப் போனேன். இங்கிலீஷ் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஊருக்கு வெளியே இருந்த டிரான்ஸ்மிட்டர் கட்டடத்தில் ஒருநாள் ராத்திரி நான் தனியாக இருக்கிறேன். மேலதிகாரி போனில் கூப்பிட்டு, மாற்றுக் கருவியில் கிரிஸ்டலை மாற்றி ஓர் எண்ணுக்கு வைக்கச் சொன்னார். கடைசி இலக்கம் எனக்கு 'ஃபைவ்' மாதிரி கேட்டது. 'நைன்' ஆகவும் இருக்கலாம் என்று மனசு சொன்னது. பெட்டியில் இரண்டுக்குமே கிரிஸ்டல் இருந்தது. மறுபடி கேட்டால் 'பட்டிக்காட்டான்' என்று நினைப்பாரே என்ற கூச்சம். "எஸ் சார்" என்று வைத்துவிட்டேன். ஃபைவுக்கே வைத்தேன்.

காலையில் அவர் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். அவர் சொன்னது நைன். அந்த ராத்திரியில் முதல் கருவி பழுதாகியிருந்தால், மாற்றுக் கருவி யாருமே கேட்காத ஓர் எண்ணில் பேசிக்கொண்டிருந்திருக்கும். மேலே இருப்பவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனது என் சாமர்த்தியம் இல்லை. அவர் திட்டவில்லை. "என்னப்பா, காதுல விழுந்துச்சா, இல்ல நீயா நெனச்சுக்கிட்டியா?" என்று கேட்டார். "நெனச்சுக்கிட்டேன் சார்" என்றேன். "இனிமே நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லு. அப்புறம் போன வை" என்றார்.

விமான வானொலியின் அடிப்படை விதியே இதுதான் என்பது பிறகு தெரிந்தது. உயரம், திசை, ஓடுபாதை, அலைவரிசை எண், எதைச் சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவரும் காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். தப்பிருந்தால் உடனே திருத்த வேண்டும். சொல்வதோடு ஒருவர் கடமை முடிவதில்லை, கேட்பதோடும் முடிவதில்லை. "சரி", "ஆகட்டும்" என்பதெல்லாம் பதிலே இல்லை. காதில் விழாவிட்டால் அதற்கென்றே இரண்டு வார்த்தை: "சே அகெய்ன்". இருபது வருஷம் பறந்த கேப்டனும் அதைச் சொல்வார், நேற்று சேர்ந்த பையனும் சொல்வான். யாரும் சிரிப்பதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி. டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. ஆயிரம் அடி வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். இறங்கிய விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது. அதில் தரையோடு பேசியது தனியாக ஒரு வானொலி அலுவலர். இங்கிலீஷில் சொன்னது விமானிகளின் மனசுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் மொழித் தேர்ச்சியில் ஆறு படிகள் வகுத்து, குறைந்தது நாலாம் படியில் இருக்க வேண்டும் என்று 2008இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கவனியுங்கள், அந்த நாலாம் படி யாரையும் ஷேக்ஸ்பியர் படிக்கச் சொல்லவில்லை. உச்சரிப்பில் தாய்மொழி வாடை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் புரியாதபோது அதைக் காட்டிக்கொண்டு, சரிபார்த்து, தெளிவு பெறத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது.

தம்பி தங்கைகளே, நான் வந்ததே இதைச் சொல்லத்தான். நம் தமிழில் ஓர் அதிசயம் இருக்கிறது. 'கேள்' என்றால் காதால் கேள் என்றும் பொருள், வாயால் கேள் என்றும் பொருள். இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். நமக்கு ஒன்றே. வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது காதால் பெறும் கல்வி. வகுப்பில் ஆசிரியர் "கேள்வி இருக்கா?" என்கிறாரே, அது வாயால் பெறும் கல்வி. ஒன்றில்லாமல் மற்றது முழுமையாகாது என்று மொழியே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. நாம்தான் கூச்சப்பட்டு, பாதியை விழுங்கிவிட்டு, தலையை மட்டும் ஆட்டுகிறோம்.

இங்கிருந்து கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போவீர்கள். யாரோ ஒரு மேலதிகாரி வேகமான இங்கிலீஷில் ஏதோ சொல்வார். பாதிதான் புரியும். அந்த நேரம் "எஸ் சார்" என்று வாய் வரும். அந்த "எஸ் சார்"தான் ஆபத்து. "நீங்கள் சொன்னது இதுதானே சார்?" என்று உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் திருப்பிச் சொல்லுங்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். மருந்துச் சீட்டாக இருந்தாலும், மின்கம்பத்தில் ஏறும் முன் சப்ளை நிறுத்தியாயிற்றா என்று கேட்பதாக இருந்தாலும், வங்கியில் ஒரு கணக்கு எண்ணாக இருந்தாலும் இதே விதிதான். விமானத்தில் மட்டும்தான் உயிர் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் மேலதிகாரிகளாக, ஆசிரியர்களாக, தகப்பன்களாக இருக்கிறோம். ஒரு பையன் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டால், "காது செவிடா?" என்று சீறாமல் இருப்பது நம் பங்கு. அன்றைக்கு அந்த மனிதர் என்னைச் சீறியிருந்தால், அடுத்த தடவையும் நான் நினைத்துக்கொண்டுதான் வைத்திருப்பேன்.

எலுமிச்சம்பழ ஆத்தாவிடம் நாம் கூச்சப்படாமல் கேட்டோம். அதே துணிச்சல் பெரிய இடத்திலும் வேண்டும். ஒன்பதா, ஐம்பதா? கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இனி நீங்கள் வாயால் கேட்கலாம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.